ரைஃபிளுக்குக் கட்டை மாற்றக் கொடுக்கும் முன்

ரைஃபிளுக்குப் புதுக் கட்டை (குழலும் இயந்திரமும் உட்காரும் ஸ்டாக்) மாட்டக் கடையில் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஹூஸ்டன் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் என்னுடைய ரெமிங்டன் 700 ரைஃபிளைக் கொடுத்து வால்நட் மரக் கட்டை பொருத்தச் சொன்னேன். 120 டாலர் வாங்கினார்கள். "ஆக்‌ஷன் ஸ்க்ரூ 65-ல் டார்க் செய்யப்பட்டது" என்று பில்லில் இருந்தது. அதாவது ரைஃபிளின் இயந்திரப் பகுதியான ஆக்‌ஷனைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகளை அந்த முறுக்கு அளவுக்கு இறுக்கினார்களாம். 65 என்ன, எந்த அலகில் என்பது இல்லை.

அதற்கு முன் 100 கஜத்தில் மூன்று குண்டும் ஒரு அங்குலத்துக்குள் விழும் ரைஃபிள் அது. திரும்பி வந்தபின் மூன்று அங்குலத்தைத் தாண்டிச் சிதறியது. கடையில் கேட்டால், தோட்டாவை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். அப்புறம் ஸ்கோப் மேல் பழி போட்டார்கள். கட்டையைக் கழற்றிப் பார்க்க மட்டும் யாரும் தயாராக இல்லை.

வேறொரு கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) என் கண் முன்னாலேயே கழற்றினார். திருகு போகும் துளைகளில் அலுமினிய பில்லர் (இறுக்கும்போது மரம் நசுங்காமல் தாங்கும் குழாய்) கிடையாது, வெறும் மரம். 65 இன்ச்-பவுண்ட், அதாவது சுமார் 7.3 நியூட்டன் மீட்டர், பில்லரோ அலுமினிய பிளாக்கோ உள்ள கட்டைக்குத்தான் சரி. வெறும் மரத்துக்கு 35 முதல் 45 வரை போதும் என்பார்கள். இங்கே மரம் நசுங்கி, டிரிகர் கார்டு உள்ளே பதிந்திருந்தது. அதனால் மேகசின் பெட்டி ஆக்‌ஷனுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் மாட்டி இறுகிக்கொண்டது. குறித்த அளவு வந்துவிட்டது என்று டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்றது அந்தப் பெட்டி தடுத்ததால்தான். கட்டையை ஒழுங்காகப் பிடித்திருக்கவே இல்லை. சரியாகப் பொருத்தியிருந்தால் பெட்டி லேசாக ஆட வேண்டும்.

அதைவிட மோசமானது அடுத்தது. ஆக்‌ஷனின் முன்பக்கம் அடியில் நீட்டியிருக்கும் உலோகத் துண்டான ரீகாயில் லக்கின் பின்முகம் மரத்தில் ஒட்டவில்லை. அந்த லக்தான் உதையை வாங்கிக் கட்டைக்குக் கடத்த வேண்டும். அது ஒட்டாவிட்டால் உதை முழுக்கத் திருகுகளிலும் ஆக்‌ஷனின் பின்வாலிலும் போய் விழும். பின்வால் ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்கும். என் கட்டையில் அந்த இடத்தில் மயிரிழை விரிசல் விழுந்துவிட்டது. பின் திருகும் நீளம் அதிகம், முனை உள்ளே நீட்டி போல்ட்டில் (தோட்டாவை அறைக்குள் தள்ளும் உருளை) ஒரு கோடு கீறியிருந்தது.

பணத்தைக் கேட்டேன். "மரம்னா விரியத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு காசு தரவில்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் முதலில் பில்லர் உண்டா என்று கேளுங்கள். டார்க் அளவை எண்ணோடு அலகும் சேர்த்து எழுதி வாங்குங்கள். ஒரு ஃபுட்-பவுண்ட் என்பது 12 இன்ச்-பவுண்ட், ஃபுட்-பவுண்டில் அளக்கும் கார் வேலை ரெஞ்சை எடுத்தால் அப்போதே நிறுத்துங்கள். ரைஃபிளைக் கட்டையின் பின்முனை கீழே ஊன்றியிருக்க நிமிர்த்தி வைத்து, லக் பின்னால் போய் ஒட்டிய பிறகுதான் முன் திருகை முதலில் இறுக்க வேண்டும்.

திரும்ப வாங்கும்போது அங்கேயே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். தோட்டா அறை காலி என்று பார்த்துவிட்டு, கட்டையின் முன்முனையில் மரமும் குழலும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன் திருகை மெல்லத் தளர்த்தட்டும். குழல் மேலே எழும்புவது விரலுக்குத் தெரிந்தால் ஆக்‌ஷன் வளைந்து உட்கார்ந்திருக்கிறது. பெட்டிங் (ஆக்‌ஷன் வளையாமல் உட்காரும்படி கட்டையின் உட்புறத்தைச் சீராக்குவது) செய்து தரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.