பாலிமர் படிக்கப் போகிறவர்களுக்கு: ஒன்பது வருட அனுபவம்

சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். "அக்கா, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிக்கப் போறேன், அடுத்து பாலிமர் எடுக்கலாமா, எங்க சேரட்டும்?" பாலிமர் என்றால் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் மாதிரி நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்கள். போனிலேயே ஒரு மணி நேரம் பேசியும் முடியவில்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கத்திலிருந்து இதே கேள்வியோடு வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் நீலகிரியில் கட்டபெட்டு பக்கம். ஊட்டியில் பி.எஸ்சி. முடித்தபோது பாலிமர் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு அலகுதான். அதன் பிறகு கோயம்புத்தூரில் மூன்று மாதத் தனியார் பயிற்சி, இரண்டு வருட முதுநிலை டிப்ளமோ, இரண்டு வருடம் பைப் கம்பெனி வேலை, ஊரடங்கில் வீட்டிலிருந்து என்பிடெல் (ஐஐடி ஆசிரியர்களின் இணையவழிப் பாடங்கள்), கடைசியாக எம்.எஸ்சி. இப்போது விவசாயத்துக்கான பிளாஸ்டிக் ஷீட் செய்யும் இடத்தில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன்.

இந்தப் படிப்பில் என்னைத் தள்ளியது அப்பாவின் பாலிஹவுஸ், அதாவது பைப் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய செடிக் கூடாரம். கார்னேஷன் பூ போட்டிருந்தார். 200 மைக்ரான் ஷீட், மூன்று வருடம் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் பைப்பின் மேல் படிந்திருந்த இடமெல்லாம் வரிவரியாகக் கிழிந்துவிட்டது, நடுவில் இருந்த ஷீட்டோ நன்றாகவே இருந்தது. ஏன் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்க எனக்கு ஏழு வருடம் ஆனது.

முதலில் அந்த மூன்று மாதப் பயிற்சி. பெயர் வேண்டாம். "இஞ்செக்‌ஷன் மோல்டிங், நூறு சதவீத வேலை" என்று நோட்டீஸ், அதாவது உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்திப் பொருள் செய்யும் வேலை. ஒரே ஒரு பழைய மிஷின், அதுவும் கரண்ட் பில்லுக்குப் பயந்து வாரம் ஒரு நாள்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள். அப்பா பூ விற்ற காசில் கட்டியது, இன்றும் வருத்தமாக இருக்கிறது. சான்றிதழை எந்தக் கம்பெனியிலும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் முதுநிலை டிப்ளமோ. பிளாஸ்டிக் பதப்படுத்தலும் பரிசோதனையும் என்பது இந்தப் படிப்பின் தலைப்பு, பி.எஸ்சி. முடித்தவர்கள் சேரலாம், இரண்டு வருடம். இதில் தெரிந்த பெயர் சிப்பெட். 1968இல் கிண்டியில் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், மதுரையிலும் கிளை இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். பத்தாவது முடித்தவர்களுக்கு அங்கே மூன்று வருட டிப்ளமோ உண்டு, மிஷின் ஆபரேட்டருக்கான குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு. நான் எங்கே படித்தேன் என்பது இங்கே முக்கியமில்லை. அந்த இரண்டு வருடத்தில் கை பழகியது, அதுதான் எனக்கு முக்கியம்.

முதல் மாதம் மிஷினின் ஹாப்பரில் (மேலே இருக்கும் புனல்) பிளாஸ்டிக் குருணையைக் கொட்டிவிட்டு, ஹீட்டர் சூட்டில்தான் எல்லாம் உருகுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பொருளைத் தள்ளும் ஸ்க்ரூ சுற்றும்போது பொருள் ஒன்றோடொன்று உரசியே பெரும் பங்கு சூடு வந்துவிடுகிறது என்பதை ஸ்க்ரூ வேகத்தைக் கூட்டிக் குறைத்து, நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாலிகார்பனேட்டை உலர்த்தாமல் போட்டால் பாகத்தின் மேல் வெள்ளிக் கோடுகள் விழும். 120 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்திப் போட்டால் கோடு காணாமல் போகும். நைலான் காற்றில் இருக்கும் ஈரத்தையே குடித்துவிடும். எங்கள் ஊர் மூடுபனியில் பையைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று மாஸ்டர் கேட்டார், வகுப்பில் எனக்கு மட்டும் உடனே பதில் தெரிந்தது. பாலிஎத்திலீன் என்றால் 190 டிகிரி, பாலிபுரொப்பிலீன் என்றால் 230, இரண்டுக்கும் 2.16 கிலோ எடை, பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது, இதுதான் எம்எஃப்ஐ சோதனை, உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்ப்பது. இருநூறு தடவையாவது செய்திருப்பேன். இன்டர்வியூவில் இதைத்தான் கேட்டார்கள், கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன், வேலை கிடைத்தது.

குறை என்னவென்றால் "ஏன்" என்பது அங்கே கொஞ்சம்தான். ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில் எங்கள் வீட்டு வாளி கீழே விழுந்தால் சில்லு சில்லாகப் போகும், அதே வாளி மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டில் எத்தனை தடவை விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. சாதாரணப் பாலிபுரொப்பிலீன் ஏறக்குறைய பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் கண்ணாடி நிலைக்குப் போய்விடும், அதன் சங்கிலிகள் அசைய முடியாமல் விறைத்துவிடும். சங்கிலியில் எத்திலீனையும் சேர்த்த வகையை (கோபாலிமர்) எடுத்தால் அந்தக் குளிரையும் தாங்கும். இது எனக்குப் புரிந்தது எம்.எஸ்சி.யில்தான்.

பைப் கம்பெனி பற்றிச் சுருக்கமாக. பிவிசி பிளாஸ்டிக் மிஷினின் பேரலுக்குள் (சூடான உருளை) தேங்கினால் கருகி ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூக்கும் கண்ணும் எரியும், அந்த ஒரு நாள் போதும், சூட்டில் சிதையாமல் காக்கச் சேர்க்கும் ஸ்டெபிலைசர் எதற்கு என்று மறக்கவே மறக்காது. கறுப்பு எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) பைப்பில் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் கார்பன் பிளாக் என்ற கரித்தூள் இருக்க வேண்டும், வெயிலிலிருந்து பைப்பைக் காப்பது அதுதான். இரவு ஷிப்டுக்குப் பெண்களை அந்தக் கம்பெனியில் எடுக்கவில்லை, பகலில் லேபில்தான் போட்டார்கள். மிஷின் பக்கமே இருக்க ஆசைப்பட்ட எனக்கு அது ஏமாற்றம். பெண் பிள்ளைகள் சேரும் முன் இதையும் கேட்டுவிடுங்கள்.

என்பிடெல் பற்றி நல்லதைத்தான் சொல்வேன். பாடம் கேட்பது இலவசம், தேர்வு எழுத மட்டும் கட்டணம், நான் எழுதியபோது 1,000 ரூபாய். வாராவாரம் கொடுக்கும் பயிற்சிக்கு 25 சதவீதம், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. ஐஐடி ஆசிரியர்கள் எடுக்கும் பாலிமர் வேதியியலைக் கட்டபெட்டில் மழையில் சிக்னல் தேடித் தேடிக் கேட்டேன். சங்கிலி நீளம், மூலக்கூறு எடைப் பரவல், படிகத்தன்மை எல்லாம் மிஷினைத் தொட்ட பிறகு கேட்டதால் கதை மாதிரி மனதில் உட்கார்ந்தது. பி.எஸ்சி. முடித்த கையோடு கேட்டிருந்தால் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்திருப்பேன்.

எம்.எஸ்சி. இரண்டு வருடம். ஆசிரியர்கள் உண்மையிலேயே அருமை, ஒரு கேள்வி கேட்டால் மூன்று நாள் கழித்துக்கூட கூப்பிட்டுப் பதில் சொல்வார்கள். ஆனால் விளம்பரத்தில் இருந்த டிஎஸ்சி கருவி (எந்தச் சூட்டில் பொருள் உருகுகிறது, விறைக்கிறது என்று அளப்பது) நான் படித்த காலம் முழுக்கப் பழுது. அதன் பக்கத்தில் ஒரு லாக் புத்தகம் இருக்கும், யார் எந்தத் தேதியில் எந்த மாதிரியைப் போட்டார்கள் என்று எழுதுவார்கள். சேர்ந்த பிறகுதான் அதைப் புரட்டினேன். கடைசிப் பதிவு நான் சேர்வதற்குப் பதினான்கு மாதம் முந்தையது. அதனால் நான் சொல்வது இதுதான்: கட்டணம் கட்டும் முன் நேரில் போய், பணிவாகக் கேட்டு, அந்தப் புத்தகத்தைப் பாருங்கள். சோதனைக்கூடத்தில் கருவி இருப்பது பெரிதில்லை. பதிவில் மாணவர் பெயர்கள் இருக்கின்றனவா, போன மாதத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். மிஷின் ஷாப்பில் என்றால் ஷிப்ட் ரெஜிஸ்டர். பார்க்க விடவில்லை என்றால் அதுவே பதில்தான்.

நல்லவேளையாக எஃப்டிஐஆர் வேலை செய்தது, அது அகச்சிவப்பு ஒளியால் பொருளின் வேதிப் பிணைப்புகளைக் காட்டும் கருவி. புராஜெக்டுக்கு அப்பாவின் கிழிந்த ஷீட்டையே கொண்டுபோனேன். பைப் மேல் இருந்த துண்டில் வரைபடத்தில் 1715 என்ற அலைஎண்ணுக்கு அருகில் கார்போனைல் சிகரம் (ஆக்சிஜனேற்றத்தின் அடையாளம்) உயரமாக எழுந்தது, நடுத் துண்டில் அந்த இடம் கிட்டத்தட்ட தட்டை. வெயிலில் இரும்பு பைப் சூடேறி, அதைத் தொட்டுக்கொண்டிருந்த ஷீட் மட்டும் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. ஷீட்டைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கச் சேர்க்கும் ஹால்ஸ் என்ற நிலைப்படுத்தியைக் கந்தகம் செயலிழக்கச் செய்துவிடும், அப்பாவோ சாம்பல் நோய்க்குக் கந்தகம்தான் அடித்துக்கொண்டிருந்தார். பைப் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்து, கந்தகத்தைக் குறைத்த பிறகு போட்ட ஷீட் மூன்றாவது வருடத்தைத் தாண்டி நிற்கிறது. நான் படித்த படிப்பு வீட்டுக்குக் கொடுத்தது இது, அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"நீலகிரியில் பிளாஸ்டிக்குக்குத் தடை, நீ அதையே படிக்கிறாயா" என்று இன்னும் கேட்கிறார்கள். குஞ்சப்பனை செக்போஸ்டில் பாட்டிலை வாங்கி வைப்பது சரிதான், நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். எது மக்கும், எது மக்காது என்று சொல்லவே இந்தப் படிப்பு வேண்டியிருக்கிறது. பிஎல்ஏ (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) பையை "மக்கும் பை" என்று விற்கிறார்கள், அது மக்க ஏறக்குறைய 58 டிகிரி சூட்டில் இயங்கும் உரக்கூடம் வேண்டும், ஊட்டி மண்ணின் குளிரில் அப்படியே கிடக்கும். அதுமட்டுமில்லை, பாலிமர் இந்த மலைக்குப் புதிதும் இல்லை. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் நூறு வருடத்துக்கும் மேலாகச் செய்கிற கார்டைட் வெடிமருந்தில் இருப்பது பஞ்சிலிருந்து வரும் நைட்ரோசெல்லுலோஸ், ஊட்டி எச்பிஎஃப்பில் (ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) ஃபிலிமுக்கு அடித்தளமாக இருந்தது செல்லுலோஸ் ட்ரைஅசிட்டேட்.

மேலே படிக்க நினைப்பவர்களுக்கு: சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பாலிமர் அறிவியலுக்குத் தனித் துறை இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடியில் ரப்பரும் பிளாஸ்டிக்கும். ரப்பர் பக்கம் ஆசை என்றால் கொச்சி குசாட் பல்கலைக்கழகம், அங்கே இந்தத் துறை 1971இலிருந்து நடக்கிறது, கூடலூர்க்காரர்களுக்குச் சென்னையைவிடப் பக்கம். எம்.டெக். போக கேட் நுழைவுத் தேர்வில் எக்ஸ்இ (பொறியியல் அறிவியல்) தாளை எடுக்கலாம், அதில் எஃப் பிரிவு பாலிமர், ஆனால் கணிதம் கட்டாயம், நம் கெமிஸ்ட்ரிப் பிள்ளைகள் அதில்தான் தடுமாறுகிறார்கள், ஒரு வருடம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

சித்தி மகளிடம் டிப்ளமோ முதலில், ஒரு வருடமாவது வேலை, பிறகு எம்.எஸ்சி. என்று சொல்லியிருக்கிறேன். சித்திக்கு நேராக எம்.எஸ்சி. போனால்தான் மரியாதை. சரி, இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வருகிற திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் மலை இறங்குகிறோம். லாக் புத்தகத்தை அவளே கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.