பெட் சவுண்ட்ஸா, சார்ஜன்ட் பெப்பரா?

அறுபதுகளின் பாப் இசையை எந்த இசைத்தட்டிலிருந்து கேட்கத் தொடங்குவது என்று தயங்குவோர் பெரும்பாலும் இவ்விரண்டிடமே வந்து நிற்கிறார்கள்.

உருவாக்கம்: 1966 மே மாதம் வெளியான, அமெரிக்க இசைக்குழுவான பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்', வலச்செவி ஏறத்தாழக் கேளாத, அப்போது 23 வயதே ஆகியிருந்த அக்குழுவின் பிரையன் வில்சன், லாஸ் ஏஞ்சலிஸின் கூலி இசைக்கலைஞர்களைக் கொண்டு இழைத்தது. பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' (1967) லண்டனில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மேற்பார்வையில் நான்கு ஒலித்தடங்கள் மட்டுமே கொண்ட பதிவுக் கருவிகளில் பிறந்தது.

வரவேற்பு: முன்னது அமெரிக்க ஆல்பப் பட்டியலில் பத்தாம் இடத்தோடு நின்றது, பின்னது ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியைப் பெற்றது.

ஒலி: பெட் சவுண்ட்ஸின் முடிவில் ரயிலோசையும் நாய்க்குரைப்பும், பெப்பரின் முடிவில் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்ட சுரக்கோவை நாற்பது நொடிக்கும் மேலாகத் தேய்ந்து அடங்குகிறது.

தாக்கம்: பாடல் வரிகளை உறையிலேயே அச்சிட்டு, ஆல்பத்தை முழுப் படைப்பாகக் காணப் பழக்கியது பெப்பர்தான். ஆனால் அதற்குத் தூண்டுதல் பெட் சவுண்ட்ஸ் என்று பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியே கூறியிருக்கிறார். என் கணக்கில் இது சிறிய கடனன்று.

காலத்தின் ஆரவாரத்தை அறிய விரும்புவோர் பெப்பரை எடுக்கலாம். இசைக் கோப்பின் நுட்பத்தைத் தனிமையில் கேட்டுப் பழக விரும்புவோருக்குப் பெட் சவுண்ட்ஸே பொருந்தும்.