டபுள் எலெக்ட்ரிக் பிரெஸ்ட் பம்ப்: மோட்டாரைவிட புனல்தான் முக்கியம்

வாங்கலாம். தாய்ப்பாலை எடுத்து வைக்க நல்ல பொருள், எங்கள் வீட்டில் தினமும் ஓடுகிறது. ஆனால் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் இது தேவை என்று சொல்ல மாட்டேன். தேவைப்படுகிறவர்களும் எவ்வளவு வேகமாக இழுக்கும் என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்கிவிட வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது டியூப் வைத்த வகை. கையடக்கமான மோட்டார், சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், அதிலிருந்து இரண்டு மெல்லிய டியூப்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு புனல், ஒரு பாட்டில். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்பதால் டபுள். பல கம்பெனிகள் ஏறக்குறைய இதே அமைப்பில்தான் செய்கின்றன, அதனால் எந்தப் பெயரையும் சொல்லிப் புகழவோ திட்டவோ போவதில்லை. வேலைக்குத் திரும்புகிறவர்கள், குறைமாதத்தில் பிறந்து இன்னும் வாய் வைத்துக் குடிக்க முடியாத குழந்தையின் அம்மா, இரவில் ஒரு வேளையாவது அப்பா ஊட்டட்டும் என்று நினைக்கிற வீடு, இவர்களுக்கு இது பெரிய உதவி. குழந்தை நன்றாகக் குடிக்கிறது, நீங்களும் நாள் முழுக்கக் கூடவே இருக்கிறீர்கள், எப்போதாவது பால் கட்டிக்கொண்டால் மட்டும் எடுக்க வேண்டும் என்றால் கையால் அழுத்தும் சின்ன பம்ப் போதும். கையாலேயே பீய்ச்சப் பழகிவிட்டால் அதுவும் வேண்டாம்.

இப்போது அந்த எண். 300 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு (உறிஞ்சும் அழுத்தத்தை இப்படித்தான் அளக்கிறார்கள்) இழுக்கும், மருத்துவமனைத் தரம், என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். அதிகமாக இழுத்தால் அதிகமாகப் பால் வரும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. குழந்தை குடிப்பதைக் கவனித்துப் பாருங்கள்: முதலில் வேகவேகமாக, லேசாக உறிஞ்சும். பால் இறங்கியதும் வேகம் குறைந்து, ஆழமாக இழுத்து, ஒவ்வொரு வாய்க்கும் விழுங்கும் சத்தம் கேட்கும். அந்த முதல் தூண்டலில்தான் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, பால் பைகளைச் சுற்றியிருக்கும் தசை சுருங்கி பாலை வெளியே தள்ளுகிறது. பம்பில் இருக்கும் இரண்டு மோடும் இதைப் பார்த்துச் செய்ததுதான். முதல் ஓரிரு நிமிடம் லேசான வேகமான தூண்டல், பால் சொட்ட ஆரம்பித்ததும் மெதுவான ஆழமான இழுப்பு. வலித்தாலோ பதற்றமாக இருந்தாலோ ஆக்ஸிடோசின் தடைப்படும், பால் இறங்காது. ஆகவே சரியான அளவு என்பது வலிக்காமல் தாங்கக்கூடிய இழுப்பு, அவ்வளவுதான். என் பம்பில் உச்ச அளவுக்குக் கிட்டேகூட நான் போவதில்லை, பாதிக்கும் கீழேயே பால் நன்றாக வருகிறது. அந்த 300-க்காகக் கூடுதல் பணம் கொடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

புனலுக்கு வருவோம், இந்த மதிப்புரையில் நீங்கள் ஒரே ஒரு பத்தி மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். ஃபிளாஞ்ச் என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான். பெரும்பாலும் 24 மில்லிமீட்டர், 28 மில்லிமீட்டர் என்று இரண்டு வைத்துத் தருகிறார்கள். இந்த எண் குறிப்பது வெளியே விரிந்திருக்கும் வாயை அல்ல, காம்பு உள்ளே போகும் குழாயின் விட்டத்தை. நிறைய பெண்களுக்கு இந்த இரண்டுமே பெரிது. பெரிதாக இருந்தால் காம்போடு சேர்ந்து சுற்றியுள்ள கருவட்டமும் குழாய்க்குள் இழுபடும், எடுத்து முடித்ததும் வீங்கி, சுற்றி ஒரு சிவப்பு வளையம் தெரியும். சிறிதாக இருந்தால் காம்பு பக்கச்சுவரில் உரசி, நுனி வெளுத்துப்போகும். எனக்குப் பெட்டியில் வந்த இரண்டுமே பொருந்தவில்லை. பாலூட்டல் ஆலோசகர் ஒருவர் சொன்னபடி காம்பின் அடியில் விட்டத்தை மில்லிமீட்டர் ஸ்கேலால் அளந்து, அதைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும் சிலிக்கான் இன்சர்ட் (புனலின் குழாயைச் சிறிதாக்கும் உள்வளையம்) வாங்கிச் செருகினேன். அளவை பம்ப் செய்வதற்கு முன்பு எடுக்க வேண்டும், பின்பு எடுத்தால் வீக்கத்தோடு கூடுதலாகக் காட்டும். அதே மோட்டார், அதே இழுப்பு, ஆனால் வலி நின்றது, கடைசியில் சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொண்டிருந்த நேரமும் குறைந்தது. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இவ்வளவு முக்கியமான விஷயத்துக்குக் கையேட்டில் ஒரு சின்னப் படம் மட்டும் போட்டு, பெட்டிக்குள் ஓர் அளவுகோல் அட்டைகூட வைக்காமல் விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எத்தனை அம்மாக்கள் "எனக்குப் பால் போதவில்லை" என்று இதனாலேயே நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

கழுவுவது பெரிய வேலை. புனல், இணைப்புத் துண்டு, பால் டியூபுக்குள் ஏறாமல் தடுக்கும் சிலிக்கான் சவ்வு, வால்வ், பாட்டில், மூடி. இத்தனையும் இரண்டு செட். ஒவ்வொரு முறையும் கழற்றி, முதலில் ஓடும் தண்ணீரில் அலசி, இதற்கென்றே வைத்திருக்கும் தனிப் பாத்திரத்தில் சோப்பும் வெந்நீரும் விட்டு, தனி பிரஷால் தேய்த்து, அலசி, தானாகக் காய விட வேண்டும். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் அப்படியே போடக் கூடாது, துணியால் துடைக்கவும் கூடாது, இரண்டிலும் கிருமி ஒட்டும். குரோனோபாக்டர் என்ற கிருமி பச்சிளம் குழந்தைக்கு உயிராபத்தை உண்டாக்கக்கூடியது. சரியாகக் கழுவாத பம்ப் மூலம் ஒரு குறைமாதக் குழந்தைக்கு அது தொற்றியதை அடுத்துத்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2017-இல் பம்ப் கழுவுவதற்கென்றே தனி வழிமுறை வெளியிட்டது. குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகும்வரை தினம் ஒருமுறை கொதிக்க வைத்தோ ஆவியிலோ கிருமிநீக்கமும் செய்ய வேண்டும். நாங்கள் இன்னொரு செட் பாகங்கள் வாங்கி வைத்தோம், ஒன்று காயும்போது இன்னொன்று தயாராக இருக்கும். பம்புக்கு அடுத்தபடியாக மிகவும் உதவிய செலவு அதுதான்.

இந்தப் பாகங்களில் வால்வை மட்டும் தனியாகக் கவனியுங்கள். வாத்து அலகு மாதிரி வெள்ளையாக, விரல் நுனி அளவில் இருக்கும், நுனியில் ஒரு மெல்லிய வெட்டு. ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த வெட்டு மூடிக்கொண்டால்தான் வெற்றிடம் உண்டாகும், விட்டதும் திறந்து பால் பாட்டிலில் விழும். பிரஷை உள்ளே விட்டுக் குடைந்தால் வெட்டு அகன்று, சரியாக மூடாமல் போய்விடும். குடையாவிட்டாலும் தினம் பல முறை பயன்படுத்தினால் ஓரிரு மாதத்தில் தளர்ந்துவிடும். திடீரென்று பால் குறைந்தது போலத் தோன்றினால் பயப்படுவதற்கு முன் வெளிச்சத்தில் வைத்து, வெட்டு ஒட்டியிருக்கிறதா, லேசாகத் திறந்தே நிற்கிறதா என்று பாருங்கள். எனக்குப் புது வால்வ் மாட்டிய அன்றே பழைய அளவு திரும்பி வந்தது.

பால் டியூபுக்குள் ஏறாமல் தடுக்கும் அந்தச் சவ்வு இருக்கும் மாடலைத்தான் மூடிய அமைப்பு என்கிறார்கள், கட்டாயம் அதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் ஈரம் டியூபுக்குள் ஏறிப் பூஞ்சை பிடிக்கும், மோட்டாருக்குள் போனால் கழுவவே வழியில்லை. இதே காரணத்தால்தான் ஒருவருக்கென்று செய்த பம்பை இன்னொருவரிடமிருந்து வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள்.

இரவு நேரத்துக்கு இதன் சத்தம் பரவாயில்லை, மெல்லிய ரீங்காரம், பக்கத்தில் தூங்கும் குழந்தை அசைவதில்லை. திரை வெளிச்சம்தான் தொல்லை. இருட்டறையில் கண்ணைக் கூசுகிறது, குறைக்க வழியே வைக்கவில்லை. நான் அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். சார்ஜ் நன்றாக நிற்கிறது, குறை இல்லை.

ஆனால் இந்தப் பம்பை நான் மனதாரப் பாராட்டுவதற்குக் காரணம் வேறு. இரவில் ஒரு வேளை என் கணவர் ஊட்டுகிறார். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்கும், அத்தனையும் ஒரே ஆள் எழுந்து செய்தால் உடம்பு என்ன ஆகும் என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். தாய்ப்பால் நன்றாக நிலைபெற்று, மூன்று நான்கு வாரம் கழித்து பாட்டிலை ஆரம்பித்தோம். நான் படுக்கும் முன் பம்ப் செய்துவிட்டுப் படுக்கிறேன், அடுத்த வேளை அவருடையது. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, பாட்டிலைக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் பிடிப்பார். நிப்பிளை மேலுதட்டில் தொட்டுவிட்டுக் காத்திருப்பார், அவளாக வாயைத் திறந்தால்தான் கொடுப்பார். நாலைந்து விழுங்கு ஆனதும் பாட்டிலைக் கொஞ்சம் தாழ்த்துவார், அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் விரலை இறுக்கிப் பிடித்தபடி, மறுபடி தேடுவாள். அப்படி மெதுவாகக் கொடுத்தால் தேவைக்கு மேல் குடிப்பதில்லை, பாட்டிலுக்கே பழகி மார்பை ஒதுக்கும் தொல்லையும் எங்களுக்கு வரவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தொடர்ந்து கிடைக்கும் தூக்கத்துக்கு ஈடே இல்லை. அவருக்கும் அவளோடு தனியாக ஒரு நேரம் கிடைத்திருக்கிறது, அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பாட்டிலில் கோடு போட்டிருப்பதால் வரும் ஒரு மனவேதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தை குடித்தபிறகு பம்ப் செய்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 15 மில்லியிலிருந்து 60 மில்லி வரை வந்தாலே சரியான அளவுதான். இணையத்தில் நிரம்பி வழியும் பாட்டில் படங்களைப் பார்த்துவிட்டு உங்கள் பாட்டிலைப் பார்க்காதீர்கள். நன்றாகக் குடிக்கத் தெரிந்த குழந்தை பெரும்பாலும் எந்த பம்பையும்விட அதிகமாக எடுக்கும், அதனால் பம்பில் வருவது உங்களிடம் இருக்கும் பாலின் அளவுகோல் அல்ல. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை ஒரு நாளில் சராசரியாக 750 மில்லி அளவில் குடிக்கிறது, வயது ஏறினாலும் இந்த அளவு பெரிதாக ஏறுவதில்லை. எடை கூடுகிறதா, போதுமான அளவு சிறுநீர் போகிறதா என்பதைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

எடுத்த பாலை அறை வெப்பத்தில், 25 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால், 4 மணி நேரம் வைக்கலாம். ஃபிரிட்ஜில் 4 நாள், கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். ஃபிரீசரில் 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. உருகிய பாலை மறுபடி உறைய வைக்காதீர்கள், குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மைக்ரோவேவ் வேண்டாம், அங்கங்கே கொதித்து வாயைச் சுட்டுவிடும். மேலே ஆடை மாதிரி கொழுப்பு பிரிந்து நிற்கும், அது கெட்டுப்போனதல்ல, லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். உறைந்து உருகிய பாலில் சோப்பு வாசனை அடித்தால் லைப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைத்திருக்கிறது என்று அர்த்தம். குழந்தை குடித்தால் கொடுக்கலாம்.

உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் ஒயர்லெஸ் வகையையும் தோழியிடமிருந்த மாடலை வைத்து விசாரித்தேன். நடமாடிக்கொண்டே எடுக்கலாம், அது பெரிய வசதி. ஆனால் காம்பு நடுவில் இருக்கிறதா என்று சரியாகத் தெரிவதில்லை, குனிந்தால் சிந்துகிறது, அவருக்கு டியூப் வகையைவிடக் குறைவாகவே வந்ததாம். செஸ் வீரரும் பொறியாளருமான எட்வர்ட் லாஸ்கர் 1920-களில் மின்சார பம்ப் செய்த காலத்திலிருந்து பார்த்தால் இன்று சட்டைப்பைக்குள் போகும் அளவுக்கு வந்திருப்பது பெரிய முன்னேற்றம்தான். இருந்தாலும் முழுக்க முழுக்க பம்பையே நம்பியிருப்பவர்கள் டியூப் வகையை முதலில் வாங்குங்கள், ஒயர்லெஸ் இரண்டாவதாக இருக்கட்டும்.

கடைசியாக, உதிரிபாகம். எனக்கு மாற்று வால்வ் வந்து சேர வாரக்கணக்கில் ஆனது, கம்பெனிக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள், இந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்துக்கு நாலு நட்சத்திரம்தான். வாங்குவதற்கு முன் உங்கள் மாடலுக்கு வால்வும் சவ்வும் 21 மில்லிமீட்டருக்குக் கீழான புனலும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் பம்போடு சேர்த்தே இரண்டு ஜோடி வால்வ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் வேறு மாடல் பாருங்கள்.