செயினை மட்டும் மாற்ற மறுத்தவர்: சாட்ஸ்வொர்த்தில் ஒரு பட்டறை

என் ஹோண்டா சிஆர்எஃப்250எல் வண்டிக்குச் செயினும் இரண்டு பற்சக்கரங்களும் மாற்றி நான்கு மாதம் ஆகிறது. 3,100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் டர்ட் பைக் வைத்திருக்கும் நம்மவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கரும்புத் தோட்டங்களில் பம்பும் மோட்டாரும் பழுது பார்ப்பது என் வேலை. வாரத்தில் நான்கு நாள் டோங்காட், ஸ்டேங்கர் பக்கம்தான் இருப்பேன். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் சிவப்புப் புழுதி. மழை பெய்தால் அது சாந்தாகிச் செயினில் அப்பிக்கொள்ளும். கடற்காற்றின் உப்பு வேறு. இந்தப் பக்கத்தில் ஒரு செயின் படும் பாடு தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்குத் தெரியாது.

போன ஆண்டு வேறோர் இடத்தில் செயினை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டேன். பற்சக்கரம் இன்னும் தாங்கும் என்றார்கள். பணம் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். 2,400 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். வெட்டி முடிந்த கரும்புக்காட்டின் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது கடகடவென்று சத்தம். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. இறங்கிப் பார்த்தால், செயின் அறுந்து முன் பற்சக்கரத்துக்கும் எஞ்சின் கூட்டுக்கும் நடுவே சுருண்டு இறுகியிருந்தது. செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் கிளிப்பைக் காணவில்லை. மீன் வடிவில் இருக்கும் அந்தக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாறியிருந்தால், எதிலாவது தட்டும்போது திறந்த வாய்ப்பக்கமாகக் கழன்று போகும். எனக்கு எப்படி மாட்டியிருந்தார்கள் என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. எஞ்சின் கூடு பிளக்காமல் ஒரு கீறலோடு தப்பியது என் நல்ல காலம்.

தோட்டத்துப் பக்கியில் (பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர்) வண்டியை ஏற்றி, கூட வேலை செய்யும் அண்ணன் சொன்ன பட்டறைக்குக் கொண்டுபோனேன். வீட்டோடு ஒட்டிய கொட்டகை, பெயர்ப்பலகை கிடையாது. வைத்திருப்பவர் அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா மாநகராட்சித் தொழிலாளி. இந்திய மாநகராட்சித் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து 1960களில் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. பாட்டியிடம் கற்ற தமிழ் அவர் நாவில் இன்னும் இருக்கிறது. நான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டார்.

செயினை மட்டும் மாற்றித் தரும்படிதான் முதலில் கேட்டேன். "தம்பி, அது மட்டும் நான் போடமாட்டேன். மூன்றையும் மாற்றுவதானால் இறக்கு. இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்" என்றார்.

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஆனால் காரணத்தை அவர் வாயால் சொல்லவில்லை, கையால் காட்டினார். அறுந்த செயினைப் பலகையில் நீட்டி, இழுத்துப் பிடித்து, 20 கண்ணிகளுக்கு இரும்பு அளவுகோலை வைத்தார். 520 அளவுச் செயினில் ஒரு கண்ணிக்கு 15.875 மில்லிமீட்டர், புதிதாக இருக்கும்போது 20 கண்ணி 317.5 வரும். என்னுடையது 325. இரும்பு நீண்டுவிடவில்லை, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஊசியும் அதைச் சுற்றிய குழலான புஷ்ஷும் தேய்ந்து, அந்த மயிரிழை இடைவெளிகள் எல்லாம் சேர்ந்துதான் இந்த ஏழரை மில்லிமீட்டர். பிறகு பழைய முன் பற்சக்கரத்தையும் புதியது ஒன்றையும் அடுத்தடுத்து வைத்தார். புதியதில் பல் இரண்டு பக்கமும் ஒரே சரிவு. என்னுடையதில் ஒரு பக்கம் குழிந்து, நுனி அரிவாள் மூக்காக வளைந்திருந்தது. நகத்தை வைத்தால் குழியில் மாட்டி நின்றது. புதுச் செயினைப் பழைய பல்லில் ஏற்றினால் எல்லாப் பற்களும் சேர்ந்து சுமப்பதில்லை. ஓரிரு பற்களே பாரம் முழுவதையும் இழுக்கின்றன. செயினும் சீக்கிரமே அந்தப் பல்லைப் போலத் தேய்ந்து போகிறது. போன ஆண்டு எனக்கு நடந்தது அதுதான்.

புதிதாகப் போட்ட செயின் டிஐடி நிறுவனத்தின் 520விஎக்ஸ்3. பற்சக்கரங்கள் இரண்டும் ஜேடி நிறுவனத்தவை, இரண்டும் எஃகு. பின்னால் போட வண்ணம் பூசிய அலுமினியப் பற்சக்கரத்தின் மேல் எனக்கு ஆசை இருந்தது. எடை குறைவு, பார்க்க அழகு. ஆனால் இந்த மணலில் எஃகின் ஆயுளில் பாதிகூட வராது என்று தடுத்துவிட்டார். பின் பற்சக்கரம் வந்துசேர ஒன்பது நாள் ஆனது.

மாட்டும் வேலையை மூன்று மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். 120 கண்ணியாக வரும் செயினை என் வண்டிக்கு வேண்டிய 106 கண்ணிக்கு வெட்ட வேண்டும். எண்ணினார், சாக்கட்டியால் குறி வைத்தார், மறுபடி எண்ணினார். ஊசியின் தலையைக் கிரைண்டரில் தேய்த்து மட்டமாக்கிய பிறகே தள்ளி எடுத்தார். இந்த முறை கிளிப் வேண்டாம், ஊசி முனையை விரித்துப் பூட்டும் ரிவெட் லாக். லாக்கோடு வந்த குட்டிப் பையிலிருந்த கிரீஸை விரலால் நான்கு ரப்பர் வளையங்களிலும் தடவினார். இந்த வளையங்கள்தான் செயினின் உயிர். ஊசிக்கும் புஷ்ஷுக்கும் இடையே ஆலையில் வைத்த கிரீஸை உள்ளே பூட்டி வைத்திருப்பவை அவைதான். பக்கத் தகட்டைக் கொஞ்சம் அமுக்குவதும் வெர்னியர் அளவியால் பக்கத்துக் கண்ணியின் அகலத்தோடு ஒப்பிடுவதுமாக நாலைந்து முறை. அதிகம் அமுக்கினால் வளையம் நசுங்கும், கண்ணி மடங்காது. கடைசியில் ஊசியின் முனையை விரித்தார். மொட்டு அவிழ்வதுபோல் சமமாக விரிந்தது. மற்றக் கண்ணிகளைப் போலவே அந்தக் கண்ணியும் தளர்வாக மடங்குகிறதா என்று விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

தொய்வு வைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். டர்ட் பைக்கில் பின்சக்கரம் நிறைய மேலும் கீழும் போகும். முன் பற்சக்கரம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மூட்டு, பின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது செயின் மிக இறுக்கமாக இருக்கும். அந்த நிலையில் தொய்வே இல்லையென்றால் கியர்பெட்டியின் பேரிங்குக்குக் கேடு. அவருடைய பேரனும் நானும் ஏறி உட்கார்ந்து வண்டியை அமுக்க, அவர் கீழே குனிந்து பார்த்துப் பின் அச்சை நகர்த்தினார். ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளை அவர் நம்புவதில்லை. இரண்டு பக்கமும் மூட்டிலிருந்து அச்சு வரை அளந்து பார்க்கிறார்.

முன்னால் 14 பல்லுக்குப் பதிலாக 13 பல் போட்டுக்கொண்டேன். பின்னால் பழையபடி 40. ஒரே ஒரு பல்தான், ஆனால் வண்டியின் குணமே மாறிவிட்டது. செப்டம்பரில் லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் சானி மலைக் கணவாயில் ஏறினேன். உச்சி ஏறக்குறைய 2,870 மீட்டர். அங்கே காற்று மெலிந்து எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். முன்பு கடைசிக் கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்சைப் பாதி பிடித்துப் பிடித்துக் கை வலித்துப் போகும். இப்போது முதல் கியரில், கிளட்சைத் தொடாமல், கற்களின் மேல் நடக்கும் வேகத்தில் ஏறியது. லெசோத்தோ எல்லையில் நின்று கையைப் பார்த்தேன், நடுக்கமே இல்லை. இழப்பும் உண்டு. அதே வேகத்தில் எஞ்சின் ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாகச் சுற்றுகிறது. என்2 நெடுஞ்சாலையில் 100க்கு மேல் போனால் கைப்பிடி அதிர்கிறது. தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் 14 பல்லையே வைத்துக்கொள்ளலாம்.

பட்டறையில் எனக்குக் குறையும் உண்டு. ஸ்விங் ஆர்மின் மேல் செயின் உரசும் ரப்பர் காப்பு தேய்ந்திருந்ததை அவர் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து நானே பார்த்து மாற்றினேன். 13 பல்லில் செயின் காப்புக்கு இன்னும் நெருங்கி ஓடும். அன்றைக்கே பார்த்திருக்க வேண்டியது அது. பொருள் வந்துவிட்டது என்று தகவலும் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். ரொக்கம் மட்டுமே வாங்குகிறார். செலவு பொருளும் கூலியுமாக 3,350 ராண்ட், அதில் கூலி 400. அந்த மூன்று மணி நேர வேலைக்கு அது குறைவு என்றே சொல்வேன்.

முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை தொய்வைச் சரிசெய்தேன். அதன்பின் அச்சைத் தொடவில்லை. போன ஞாயிறு 20 கண்ணியை அளந்தேன், 318. பாரஃபினும் (மண்ணெண்ணெய்) மென்மையான தூரிகையும்தான் கழுவ. பெட்ரோல் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். தண்ணீரைப் பீய்ச்சும் எந்திரம் உள்ளே இருக்கும் கிரீஸை விரட்டிவிடும்.

போக நினைப்பவர்கள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். காவடி நாட்களில் திறந்திருக்காது. முன் பற்சக்கரத்தைச் சுற்றியுள்ள சேற்றை வீட்டிலேயே சுரண்டிவிட்டுக் கொண்டுபோங்கள். சேற்றோடு வந்த வண்டியை அவர் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்.