கார் பருவமும் பிசானமும்: வயலுக்கு டிரோன் வைத்ததில் கண்டது

திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் எங்கள் நெல் வயலுக்கு டிரோனில் மருந்து அடிக்கத் தொடங்கி, கார், பிசானம் என்று நெல் பருவங்கள் பல கடந்துவிட்டன. சொந்தமாக வாங்கவில்லை, வாடகைக்குத்தான் வருகிறது. நம்பி இறங்கலாமா என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஏக்கருக்கு 10 லிட்டர் கரைசல் போதும். 10 நிமிடத்துக்குள் அடித்து முடித்து, பேட்டரி மாற்ற வரப்புக்கு வந்துவிடும். கைத்தெளிப்பான் என்றால் அதே ஏக்கருக்கு 200 லிட்டர் வரை சுமக்க வேண்டும்.

எங்களுக்கு வழக்கமாக மருந்து அடித்தவர் 16 லிட்டர் டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடப்பார். மூடி கசிந்து சட்டையின் பின்புறம் நனைந்து ஒட்டியிருக்கும். மாலையில் கண் சிவந்து, சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். அந்தக் கொடுமை ஒழிந்ததற்காகவே டிரோனை வரவேற்கிறேன். ஆனால் அவருடைய கூலியும் கூடவே போய்விட்டது. மருந்து கலக்கவும் தண்ணீர் எடுக்கவும் அவரையே கூப்பிடுகிறேன். பழைய வருமானத்தில் பாதிகூடத் தேறாது. 2023-இல் ஒன்றிய அரசு அறிவித்த 'நமோ டிரோன் தீதி' திட்டத்தில் மகளிர் குழுக்களுக்கு டிரோன் வாங்க 80 சதவீதம் வரை மானியம் உண்டு. நல்ல திட்டம். தெளிப்பு வேலையை இழந்தவர்களுக்கும் டிரோன் ஓட்டும் பயிற்சியில் இடம் ஒதுக்க வேண்டும்.

புகையானுக்கு டிரோனை நம்பாதீர்கள். அது நெல்லின் அடித்தூரில், தண்ணீருக்குச் சற்று மேலே மொய்க்கும் பூச்சி. மேலிருந்து விழும் சாரல் அடர்ந்த பயிரைத் தாண்டி அங்கே சரியாக எட்டுவதில்லை. இலைச்சுருட்டுப் புழுவுக்கு நன்றாகக் கேட்கிறது. புகையான் கண்டால் இன்றும் பயிரை விலக்கிவிட்டு ஆள் வைத்துத்தான் அடிக்கிறோம்.

அடுத்தது காற்று. குறைந்த தண்ணீரில் கலப்பதால் கரைசலின் வீரியம் அதிகம், துளியோ மிகச் சிறியது. ஆடிக் காற்றில் அது வரப்போடு நிற்காது. களைக்கொல்லி என்றால் பக்கத்துக் கத்தரி கருகிவிடும். காற்று அடங்கிய விடிகாலைதான் தோதான நேரம். அதே நேரத்தில்தான் கன்னடியன் கால்வாயில் ஊரே குளிக்கிறது. ஒருமுறை வாடகைக்கு வந்தவர், "அங்கெல்லாம் மருந்து போகாது அண்ணாச்சி" என்று கிளப்பப் பார்த்தார். நிறுத்திவிட்டோம். இப்போது முதல் நாளே தெருவில் சொல்லிவிடுகிறோம். கால்வாயை ஒட்டிய வயலில் டிரோனை விடுவதே இல்லை.

மருந்து டிரோனையாவது கண்ணால் பார்த்து விலகலாம். கல்யாணத்துக்கும் கோயில் கொடை விழாவுக்கும் படம் எடுக்க வரும் சின்ன டிரோன் தாமிரபரணிப் படித்துறைக்கு மேல் வந்து நிற்கும்போது, ஈரத்துணியோடு நிற்கும் பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள்? 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் எடை வாரியாகவும் வான் மண்டலம் வாரியாகவும் விரிவாகப் பேசுகின்றன. 250 கிராமுக்கு உட்பட்டதை ஓட்ட உரிமமே தேவையில்லை. படித்துறையைக் காக்க அந்த விதி மட்டும் போதாது. பறவைகள் சரணாலயம் உள்ள கூந்தன்குளத்தில் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் ஊரே கட்டுப்பாடாக இருக்கிறது. அதுபோல, குளிக்கும் நேரத்தில் படித்துறைக்கு மேல் கேமரா பறக்கக் கூடாது என்று ஆற்றங்கரை ஊர்கள் ஒவ்வொன்றும் கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஆள் திரட்டிக்கொண்டிருக்கிறேன்.