பாம்பர் ஜாக்கெட்: அசலும் அவதாரங்களும் டெல்லிக் குளிரில்

டெல்லியில் பாம்பர் ஜாக்கெட் வாங்கக் கிளம்புகிறவருக்கு இரண்டு முனைகள் தெரியும். ஒன்று, சரோஜினி நகரில் ஏற்றுமதி மிச்சமாகக் குவிந்து கிடக்கும் நைலான் ஜாக்கெட்டுகள். மற்றொன்று, வசந்த் குஞ்ச் மால்களிலும் மெஹ்ரோலி, ஷாப்பூர் ஜாட் வடிவமைப்பாளர் கடைகளிலும் தொங்குகிற, சில சமயம் லட்சத்தைத் தாண்டுகிற புது அவதாரங்கள். விலையை வைத்து இவற்றைத் தரம் பிரிப்பது வீண் வேலை. ராணுவ விமானிகளுக்கெனப் பிறந்த இந்த ஜாக்கெட்டில் ஒவ்வோர் உறுப்பும் ஒரு காரணத்துக்காக வந்தது. அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டு மாற்றியவர் யார், புரியாமல் அலங்கரித்தவர் யார் என்பதே என் அளவுகோல்.

காரணங்களை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்க ராணுவ விமானிகளுக்கு 1931-இல் வந்த ஏ-2 ரக ஜாக்கெட் தோலால் ஆனது. ஜெட் விமானங்கள் வந்து பறக்கும் உயரம் கூடியபோது, நனைந்த தோல் குளிரில் உறைந்து விறைத்தது. குறுகலான விமானி அறையில் அதன் கனமும் தொல்லையாயிற்று. அதனால் நைலானுக்கு மாறினார்கள். பி-15 ரக ஜாக்கெட்டின் ரோமக் காலர் பாராசூட் பட்டைகளோடு உரசி இடைஞ்சல் செய்தது. அதை எடுத்துவிட்டுப் பின்னல் காலர் வைத்தபோது பிறந்ததுதான் 1950-களின் எம்ஏ-1. உட்கார்ந்தே வேலை செய்பவனுக்கு உரியது என்பதால் இடுப்போடு நிற்கும் நீளம். காற்று புகாதிருக்க மணிக்கட்டிலும் இடுப்பிலும் இறுக்கமான ரிப், அதாவது இழுத்தால் நீண்டு சுருங்கும் பின்னல் பட்டை. ஜிப்புக்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் ஒரு மடிப்பு. இடக் கையில் பேனா செருகும் சிறு பை. 1960-களில் உட்புறம் ஆரஞ்சு நிறமானது. விமானம் விழுந்தால் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மீட்புக் குழுவின் கண்ணில் படுவதற்காக.

டெல்லிக் குளிருக்கு இந்த வடிவம் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. இங்கே டிசம்பர் கடைசியில் அதிகாலை 6, 7 டிகிரி, பிற்பகலில் 20. காலையில் மூடிக்கொள்ளவும் மதியம் கழற்றிக் கையில் மடித்து வைத்துக்கொள்ளவும் தோதான உடை வேண்டும். மார்கழி விடியலில் ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் படியேறும் நம் ஆட்களைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். வேட்டிக்கு மேல் போட நீளமான கோட்டைவிட இடுப்போடு நிற்கும் ஜாக்கெட்டே மேல். மடிப்பு கசங்காது, படியில் கால் தடுக்காது.

அசலிலிருந்து தொடங்குகிறேன். 1959-இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் தொடங்கப்பட்டு, அமெரிக்க ராணுவத்துக்கு ஒப்பந்தத்தில் தைத்துக் கொடுத்த ஆல்ஃபா இண்டஸ்ட்ரீஸ் இன்றும் எம்ஏ-1 விற்கிறது. பாலியெஸ்டர் பஞ்சு வைத்த இந்த ஜாக்கெட், விடியலில் ஸ்கூட்டர் ஓட்டுபவருக்கு வேறெதையும்விட உதவும். ஆனால் மெட்ரோ நெரிசலில் வேர்க்கும். பஞ்சு வைக்காத எல்-2பி என்ற மெல்லிய ரகமும் உண்டு. நவம்பரிலும் பிப்ரவரியிலும் அதுவே போதும். பெரும்பாலான டெல்லிவாசிகள் தேவைக்கு மேல் கனமானதை வாங்கிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

வடிவமைப்பாளர்களில் எனக்கு மிகுந்த மதிப்பு ஹெல்முட் லாங் மீது. ஆஸ்திரியாக்காரரான அவர் 1990-களில் செய்த பாம்பர்கள் தொலைவிலிருந்து பார்த்தால் ராணுவக் கிடங்கிலிருந்து வந்தவை போலவே இருக்கும். உள்ளே பட்டைகள் தைத்திருப்பார். கழற்றினால் ஜாக்கெட்டை முதுகுப்பை போலத் தோளில் தொங்கவிடலாம். ஒரே ஒரு சேர்க்கை, அதிலும் பயன். டெல்லி மதிய வெயிலில் ஜாக்கெட்டைக் கையில் சுமந்து திரிந்த யாருக்கும் அதன் அருமை புரியும். 2005-இல் அவர் தம் நிறுவனத்தை விட்டு விலகிவிட்டார். ஆகவே அவர் கையால் வந்தவை இன்று பழைய பொருள் சந்தையில் மட்டுமே கிடைக்கின்றன.

பெல்ஜியத்தின் ராஃப் சைமன்ஸ் வேறு வழி போனார். 2001-02 குளிர்காலத் தொகுப்பில் அவர் காட்டிய பெரிய அளவு பாம்பர்களில் துணி வில்லைகள் ஒட்டிக் கிடந்தன. தெருவில் திரியும் இளைஞர்களின் கோபத்தை அவர் உடையாக்கினார். அங்கே அளவு பெரிதானதற்கு அர்த்தம் இருந்தது. 2016 ஜூலையில் வெட்மோன் நிறுவனம் ஆல்ஃபாவோடு கூட்டுச் சேர்ந்து பாரிஸில் காட்டியபோது, பெரிய அளவு ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. கைகள் விரலை மூடுகின்றன, உடல் தொளதொளக்கிறது. ரிப் உடலைப் பற்றாவிட்டால் கீழிருந்து காற்று ஏறும். ஜனவரி இரவில் யமுனைப் பாலத்தைக் கடக்கும் ஆட்டோவில் அப்படி ஒன்றை அணிந்திருப்பது வெறும் தோற்றத்துக்காக நடுங்குவதாகும். இதை நான் வாங்க மாட்டேன்.

அமெரிக்க வடிவமைப்பாளர் ரிக் ஓவன்ஸ் கைகளை ஒடுக்கி நீட்டி, பல சமயம் தோலில் செய்கிறார். வெட்டும் தையலும் அழகு, மறுக்கவே முடியாது. டெல்லிக் குளிரில் தோல் உறையும் பயம் இல்லை. ஆனால் கோயிலுக்குத் தோலாடை போட்டுப் போகத் தயங்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய. வீட்டிலிருந்து நேரே சன்னிதிக்குப் போகிறவருக்கு இது ஒத்துவராது.

ஜப்பானின் சிட்டோசே அபே நடத்தும் சகாய் முற்றிலும் வேறு சாதி. முன்பக்கம் எம்ஏ-1, திரும்பினால் வேறோர் உடை. இரண்டு ஆடைகளை வெட்டி ஒன்றாகத் தைப்பது அவர் பாணி. துணிச்சலை ரசிக்கிறேன். ஆனால் நைலானும் கம்பளியும் ஒரே உடையில் இருந்தால் துவைப்பது பெரும்பாடு. பிராடா 2019 முதல் மறுசுழற்சி நைலானில் தைப்பது நல்ல முயற்சி. வடிவத்தில் புதிதாக எதையும் சொல்வதில்லை.

இப்போது டெல்லியின் சொந்த வடிவமைப்பாளர்கள். இங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. ஒரு சாரார் பாம்பரின் முதுகில் சர்தோசி என்னும் உலோக இழைத் தையல், மணி, ஜரிகை என்று வேலைப்பாடு ஏற்றுகிறார்கள். கைவேலையின் தரத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு ஊசிக் குத்தும் நைலானில் ஒரு துளை. காற்றைத் தடுக்கத்தானே அந்தத் துணி? மேலும், முதுகின் கனம் காலரைப் பின்னுக்கு இழுக்கிறது. கல்யாண வரவேற்புக்கு அழகாக இருக்கும், குளிருக்கு ஆகாது.

மற்றொரு சாரார் கைத்தறிப் பருத்தியை அல்லது கம்பளியை இரண்டு அடுக்காக வைத்து, நடுவே பஞ்சிட்டு, கையால் ஓட்டுத் தையல் போட்டு, அதைப் பாம்பர் வடிவில் வெட்டுகிறார்கள். இதுதான் என்னைக் கவர்ந்த அவதாரம். இங்கே தையல் வெறும் அலங்காரமாக இல்லை. பஞ்சை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதே அதன் வேலை. எம்ஏ-1 செய்த அதே காரியத்தை இந்த மண்ணின் துணியால் செய்கிறது. மழை தாங்காது என்பது குறை. டெல்லிக் குளிர்காலத்தில் மழை குறைவு என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இவற்றில் அடிக்கடி சறுக்கும் இடம் ரிப். அருமையான துணிக்குக் கீழே தரமற்ற பின்னலை ஒட்டிவிடுகிறார்கள். ஒரே குளிர்காலத்தில் அது தளர்ந்து தொங்குகிறது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: நூல் தரமும் லைக்ரா கலப்பும் சரியாக இருந்தால்தான் ரிப் மீண்டு வரும். கடையில் மணிக்கட்டு ரிப்பை நன்றாக இழுத்து விட்டுப் பாருங்கள்; உடனே பழைய அளவுக்குச் சுருங்க வேண்டும். பிறகு ஜிப்பைத் திறந்து உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரத் தையல் அங்கேதான் உண்மை சொல்லும்.

விடியலில் வண்டி ஓட்டுபவருக்கு ஆல்ஃபா எம்ஏ-1. மெட்ரோவில் போய் நாள் முழுக்க அலுவலகத்தில் இருப்பவருக்குக் கைத்தறிப் பாம்பர், ரிப் தேறினால் மட்டும். கையில் பணம் குறைவென்றால் சரோஜினி நகரில் நல்ல நைலான் உடல் கொண்ட ஒன்றைத் தேடி எடுத்து, தெருத் தையல்காரரிடம் கொடுத்து ஜிப்பையும் ரிப்பையும் மாற்றிக்கொள்ளுங்கள்.