‘வீக்கம் வற்றட்டும்’ என்று சொல்லி ஊசி போடும் பல் மருத்துவ நிலையங்கள்: ஓர் எச்சரிக்கை

கன்னமோ தாடையோ வீங்கி வருபவரிடம், ‘முதலில் வீக்கம் வற்றட்டும், பல்லைப் பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பும் பல் மருத்துவ நிலையங்களைக் குறித்து, குமரி மாவட்டத்தின் கேரள எல்லையோரம் வசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் என் அண்ணனுக்குச் சர்க்கரை நோய் உண்டு. கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையாகித் தாடைக்கடியில் லேசாக வீங்கியபோது அப்படிப்பட்ட ஒரு நிலையத்துக்குப் போனார். எக்ஸ்ரே எடுக்கவில்லை, சர்க்கரை உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. ஓர் ஊசியும், பெயர் எழுதாத காகிதப் பொட்டலத்தில் மாத்திரைகளும் கொடுத்தார்கள். வீக்கம் சட்டென்று குறைந்ததால் கைராசிக்காரர் என்ற பேச்சும் எழுந்தது. மருந்து தீர்ந்ததும் முன்னிலும் பெரிதாக வீங்கியது. மறுபடியும் அதே ஊசி, அதே பொட்டலம். ரசீது மட்டும் கிடையாது.

கடைசியில் அவரால் வாயில் ஒரு விரல்கூட நுழைக்க முடியவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துவர்த்தால் துடைத்துக்கொண்டே இருந்தார், பேச்சு குழறியது, தாடையின் அடிப்பக்கம் பலகைபோல் இறுகியிருந்தது. அந்த நிலையிலும், ஒத்தடம் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். நாங்கள் நேராகத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம்.

எஞ்சிய மாத்திரைகளைப் பார்த்த மருத்துவர், அவை ஸ்டீராய்டாக இருக்கலாம் என்றார். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைத்துக் காட்டுமே தவிரக் கிருமியைக் கொல்லாது. நோய் எதிர்ப்பைக் குறைத்து, சர்க்கரையையும் ஏற்றிவிடும். சொத்தை பல்லின் உட்கூழை எட்டியதும் கிருமிகள் வேர்நுனி வழியே எலும்புக்குள் இறங்குகின்றன. கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களின் வேர்நுனி பெரும்பாலும் வாயின் அடித்தளத் தசை எலும்பில் ஒட்டும் கோட்டுக்குக் கீழே இருப்பதால், சீழ் ஈறு வழியாக உடையாமல் தாடைக்கடியில் தேங்குகிறது. அது நாக்கின் அடிக்கும் மறுபக்கத்துக்கும் பரவினால், 1836-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்த, நாக்கை மேலே தள்ளி மூச்சுப்பாதையையே அடைக்கும் நோயாகிறது. மேல் கோரைப்பல்லிலிருந்து கண்ணை நோக்கி ஏறும் வீக்கமும் ஆபத்தானது. அரிதாக, அது மூளையையொட்டிய இரத்தக்குழாய்வரை எட்டிவிடும்.

மருத்துவக் கல்லூரியில் முதலில் மூச்சைத்தான் கவனித்தார்கள். பிறகு இரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாட்டிக்கும் இன்சுலினும் ஏற்றி, தாடைக்கடியில் கீறிச் சீழை வெளியேற்றி, மீதிச் சீழ் வடிய ரப்பர்க் குழாய் வைத்து, அந்தப் பல்லையும் அதே அறுவையில் எடுத்துவிட்டார்கள். சீழ் கட்டிய இடத்தில் மரப்பு ஊசி சரியாக வேலை செய்யாமல் போவதுண்டு, அதற்காகச் சற்றுப் பொறுப்பது வேறு; மூலத்தைத் தொடாமல் மாத்திரையிலேயே நாளைக் கடத்துவது வேறு. தேங்கிய சீழுக்குள் மருந்து போதிய அளவு ஊடுருவாது.

பின்னர் அந்த நிலையத்துக்குப் போய், பல் மருத்துவருக்கான பதிவு எண்ணைக் கேட்டோம். பெயர்ப்பலகையில் உள்ள டாக்டர் ஞாயிறுதோறும்தான் வருவார் என்று, ஊசி போட்டவரே பதில் சொன்னார். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுத்திருக்கிறோம். ரசீது இல்லாததால் ஆதாரமாக அந்தக் காகிதப் பொட்டலத்தையும் மருத்துவக் கல்லூரியின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும்தான் இணைக்க முடிந்தது. எல்லையோரத்தில் இதேபோல் ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாரிடமாவது மருந்துச்சீட்டு இருந்தால், அதைத் தூக்கி எறியாமல் இணை இயக்குநர் அலுவலகத்தில் தாங்களும் ஒரு புகார் கொடுக்கலாம்.